பி.என்.எச் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா? எதை, எப்போது, எந்த வரிசையில் எடுப்பது

ரத்தசோகைக்குக் காரணம் பிடிபடாமல் இரும்புச்சத்து மாத்திரை, ஊசி, ரத்தம் ஏற்றுதல் என்று மாதக்கணக்கில் அலைந்த பிறகுதான் பெரும்பாலானவர்களின் சீட்டில் 'பி.என்.எச்' என்ற எழுத்துகள் ஏறுகின்றன. சிவப்பணுக்கள் உடையும் ஓர் அரிய ரத்த நோயின் சுருக்கப் பெயர் அது. போனில் தேடினால் பயமுறுத்தும் பக்கங்கள் எத்தனையோ வரும். நாளைக் காலை எங்கே போய், எந்தக் குழாயில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கிடைக்காது. நான் புதுச்சேரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, பாகூர், வில்லியனூர் பக்கமிருந்து இந்தச் சீட்டோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயைப் பொறுத்தவரை எத்தனை டெஸ்ட் எடுத்தீர்கள் என்பதைவிட எப்போது எடுத்தீர்கள் என்பதே பெரிது. காலைச் சிறுநீரா மாலைச் சிறுநீரா, ரத்தம் ஏற்றுவதற்கு முன்பா பின்பா, திங்கட்கிழமையா சனிக்கிழமையா என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் வரும் எண்ணையே மாற்றிவிடும்.

நோயைப் பற்றி, தேவையான அளவு

முழுப்பெயர் பராக்சிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களைப் பெற்றுத்தரும் தாய்செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில், வாழ்க்கையின் நடுவில், 'பிக்-ஏ' என்ற மரபணு பழுதாகிவிடுகிறது. 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். சில புரதங்களைச் செல்லின் மேற்பரப்பில் பிடித்து வைத்திருக்கும் ஜி.பி.ஐ என்ற நங்கூரத்தைச் செய்ய இந்த மரபணு வேண்டும். நங்கூரம் இல்லாவிட்டால் சி.டி.55, சி.டி.59 என்ற இரண்டு காவல் புரதங்களும் செல்லின் மேல் நிற்காது. காவல் இல்லாத சிவப்பணுவை நம் உடம்பின் நோய் எதிர்ப்பு ஏற்பாடுகளில் ஒன்றான காம்ப்ளிமென்ட் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைத்துவிடுகிறது. உள்ளிருந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் கலந்து வெளியேறும்போது சிறுநீர் கோலா நிறத்துக்கோ கடுங்காப்பி நிறத்துக்கோ போகிறது.

குடும்பத்தினர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, இது பரம்பரையா வர்றதா? பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்." இல்லை. அப்பா அம்மாவிடமிருந்து வந்தது இல்லை, பிள்ளைக்குப் போவதும் இல்லை. பிறந்த பிறகு ஒரு மஜ்ஜைச் செல்லில் ஏற்பட்ட பழுது இது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் தொற்றுவதும் இல்லை. ஆனால் இந்த நோய் உள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்தம் உறைந்து கட்டும் அபாயம் கூடும். அதனால் குழந்தை பற்றி முடிவெடுக்கும் முன்பே ரத்தவியல் டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

யாருக்கு இந்த டெஸ்ட் தேவை

பெயரில் இரவு என்று இருப்பதால் காலையில் சிறுநீர் கறுத்துப்போனால்தான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நோய் தெரியவரும் நேரத்தில் அப்படிக் கறுப்பாகப் போவது சுமார் நான்கில் ஒருவருக்குத்தான். செல் உடைவது பகலிலும் நடக்கிறது. இரவு முழுக்கத் தேங்கிய சிறுநீர் அடர்த்தியாக இருப்பதால் காலையில் நிறம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே நிறம் மாறவில்லை என்பதற்காக டெஸ்டைத் தள்ளிப்போடக் கூடாது. டாக்டர்கள் இதை எழுதுவது பொதுவாக இப்படிப்பட்டவர்களுக்கு: சிவப்பணு உடைகிறது, ஆனால் கூம்ப்ஸ் டெஸ்ட் (சொந்த எதிர்ப்புரதம் அதை உடைக்கிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ்; கல்லீரல் ரத்தக்குழாய், குடல் ரத்தக்குழாய், மூளைச் சிரை போன்ற வழக்கமில்லாத இடத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது; மஜ்ஜை சரியாக வேலை செய்யாத அப்லாஸ்டிக் அனீமியா இருக்கிறது; சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் குறைந்துகொண்டே போகின்றன, காரணம் தெரியவில்லை.

நம் பக்கத்தில் இது இரண்டு இடங்களில் மறைந்துகொள்கிறது. ஒன்று, மஞ்சள் காமாலை. கண் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம் என்றதும் கீழாநெல்லிக்கு ஓடுகிறோம். அணு உடைவதாலும் கண் மஞ்சளாகும். கல்லீரல் டெஸ்ட் ரிப்போர்ட் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிலிருபினில் 'இன்டைரக்ட்' பகுதி கூடுதலாகவும், எஸ்.ஜி.ஓ.டி உயர்ந்து எஸ்.ஜி.பி.டி இயல்பாகவும் இருந்தால், கல்லீரலை விட்டுவிட்டு ரத்த அணு உடைகிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லலாம். இரண்டாவது, பெண்களின் ரத்தசோகை. மாதவிடாய் அதிகம், சாப்பாடு சரியில்லை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். இந்த நோயிலும் இரும்புச்சத்து சிறுநீர் வழியாகப் போய்க்கொண்டே இருப்பதால், சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறையும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, ரெட்டிக்குலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் மாதங்கள் வீணாவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

இது அரிய நோய். உலக அளவில் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் இருவருக்குப் புதிதாகத் தெரியவருகிறது. ஆகவே சீட்டில் எழுதிய எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. பலருக்கு 'இல்லை' என்றே ரிப்போர்ட் வரும்.

முதல் சுற்று: உள்ளூரிலேயே முடித்துவிடக் கூடியவை

நேராகப் பெரிய டெஸ்டுக்குப் போக வேண்டாம். கடலூர், சிதம்பரம், புதுச்சேரியில் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் சாதாரண லேபுகளிலும் செய்யக்கூடிய ஒரு சுற்று இருக்கிறது. அது கையில் இருந்தால்தான் அடுத்த டாக்டருக்கு வழி தெரியும்.

முழு ரத்த எண்ணிக்கை, ரெட்டிக்குலோசைட் எண்ணிக்கை, ரத்தப் பூச்சு இவை மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள். பூச்சு என்பது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. மிஷின் தரும் எண்ணோடு நின்றுவிடாமல் ஒரு பதாலஜி டாக்டர் கண்ணால் பார்த்து எழுதியதாக இருக்கட்டும். அணுக்கள் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் வேறு நோய், உருண்டையாகச் சுருங்கியிருந்தால் வேறு நோய். பி.என்.எச்சில் பூச்சு பெரும்பாலும் தனியாக எதையும் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுக்காததும் ஒரு தகவல்தான்.

அடுத்து எல்.டி.எச் என்ற நொதி. அணு உடையும்போது அதன் உள்ளிருந்து இது ரத்தத்தில் கொட்டுகிறது. லேபுக்கு லேப் இயல்பு அளவு மாறும் என்பதால் வெறும் எண்ணைப் பார்த்துப் பயப்படவோ நிம்மதியடையவோ கூடாது. அந்த லேபின் உச்ச அளவைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். உச்சம் 250 என்று அச்சிட்டிருக்கும் லேபில் உங்களுக்கு 1,000 வந்தால் நான்கு மடங்கு. ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே இந்த நோயில் கவனிக்க வேண்டிய உயர்வு.

இங்கே ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் ஊசியை அசைத்தாலோ, சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைந்துவிடும். எல்.டி.எச் பொய்யாக ஏறும். அதனால் மேல்நீர் (அணுக்கள் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் திரவம்) சிவந்திருக்கும் சாம்பிளை 'ஹீமோலைஸ்டு', அதாவது அணு உடைந்தது, என்று சொல்லி லேபில் தள்ளிவிடுவார்கள். அது சரியான பழக்கம். ஆனால் பி.என்.எச் உள்ளவருக்கு உடம்புக்குள்ளேயே அணு உடைவதால், எவ்வளவு பதமாக எடுத்தாலும் மேல்நீர் சிவந்தே வரலாம். லேபிலிருந்து "சாம்பிள் கெட்டுப்போச்சு, திரும்ப வாங்க" என்று கூப்பிட்டால் மறுபடி கொடுங்கள். இரண்டாவது முறையும் அதையே சொன்னால், அதை ஒரு எரிச்சலான சம்பவமாக மறந்துவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். "ரெண்டு தடவையும் சிவப்பா வந்துச்சுன்னு சொன்னாங்க சார்" என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய துப்பு.

கூம்ப்ஸ் டெஸ்ட் எனப்படும் டி.ஏ.டி அவசியம். சொந்த எதிர்ப்புரதமே சிவப்பணுவை உடைக்கிறதா என்று அது சொல்லும். பாசிட்டிவ் என்றால் டாக்டர் பெரும்பாலும் வேறு பாதையில் போவார். நெகட்டிவ் என்றால் பி.என்.எச் பக்கம் கதவு திறக்கிறது. இதையும் ரத்தம் ஏற்றும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

ஹாப்டோகுளோபின் என்று எழுதியிருந்தால் எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், வெளியே அனுப்புவார்கள். உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ரத்தப் புரதம் அது; அணு உடையும்போது குறைந்துபோகும். ஜி-6-பி.டி டெஸ்டையும் சேர்த்து எழுதலாம். பாச்சை உருண்டை, சில மலேரியா மருந்துகள், டாப்சோன் போன்றவற்றால் அணு உடையும் பிறவிக் குறை அது. அணு தீவிரமாக உடைந்துகொண்டிருக்கும் சமயத்தில் இந்த டெஸ்டை எடுத்தால், பழைய அணுக்கள் உடைந்து தீர்ந்து இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால், குறை இருந்தும் 'இயல்பு' என்று வந்துவிடலாம். சந்தேகம் நீடித்தால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் சேர்ந்திருக்கட்டும், ஏனென்றால் ஹீமோகுளோபினும் இரும்பும் வடியும் பாதையில் சிறுநீரகம் அடிவாங்குகிறது.

சிறுநீர்: காலையில் முதல் முறை போவதைத்தான் கொடுக்க வேண்டும். கடலூரிலிருந்து பேருந்து பிடித்து வந்து பத்து மணிக்கு லேபில் கொடுப்பது முதல் சிறுநீர் அல்ல. முந்தின நாளே லேபில் டப்பா வாங்கி வைத்துக்கொண்டு, எழுந்ததும் பிடித்து, நேரம் எழுதி, சீக்கிரம் கொண்டு வாருங்கள். அதில் மூன்று விஷயம் பார்ப்போம்.

சிறுநீர் சோதிக்கும் பட்டையை அதில் நனைத்தால் 'ரத்தம் இருக்கிறது' என்று நிறம் மாறும். அதே சிறுநீரைச் சுழற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூட இருக்காது. பட்டை ஆம் என்கிறது, கண் இல்லை என்கிறது. அப்படியானால் வந்திருப்பது அணுவாக இல்லை, உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபின். தசை சிதைந்து வரும் மயோகுளோபினும் இதே மாதிரி ஏமாற்றும். அதைப் பிரித்தறிய அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தின் மேல்நீரைப் பார்க்கலாம். ஹீமோகுளோபின் என்றால் மேல்நீரும் சிவந்திருக்கும், தசைச் சிதைவு என்றால் தெளிவாக இருக்கும். மூன்றாவது, ஹீமோசிடரின். வண்டலை நீலச் சாயத்தில் முக்கி இரும்புத் துகளைத் தேடும் சோதனை இது. இதற்காகவே நான் இதை விடாமல் சிபாரிசு செய்வேன்: இன்று சிறுநீர் வெள்ளையாக இருந்தாலும், போன வாரங்களில் ஹீமோகுளோபின் வடிந்திருந்தால் சிறுநீரகச் செல்களில் தங்கிய இரும்பு உதிர்ந்து வந்துகொண்டே இருக்கும். மலிவான, பழைய சோதனை. எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீர் கறுப்பாகப் போகும் நாளில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, தேதி நேரத்தோடு போனில் வைத்திருங்கள். கூச்சம் வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும் நாளில் நிறம் சாதாரணமாகிவிட்டிருக்கும்.

பெரிய டெஸ்ட்: ஃப்ளோ சைட்டோமெட்ரி

நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்வது இதுதான். முன்பு ஹாம் டெஸ்ட் என்று ஒன்று இருந்தது. தாமஸ் ஹாம் என்ற அமெரிக்க டாக்டர் 1930களின் கடைசியில் கொண்டுவந்தது. லேசாகப் புளிப்பேற்றிய சீரத்தில் சிவப்பணு உடைகிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரைக் கரைசலில் உடைக்கும் சுக்ரோஸ் டெஸ்டும் உண்டு. இவற்றை நம்பி இன்று முடிவெடுப்பதில்லை. ஜெல் கார்டில் சி.டி.55, சி.டி.59 பார்க்கும் முறையும் சில இடங்களில் இருக்கிறது. செலவு குறைவு, ஆனால் சிவப்பணுவை மட்டும் பார்க்கும், சிறிய அளவைத் தவறவிடும், எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லாது. ஜெல் கார்டில் 'நெகட்டிவ்' வந்ததால் நோய் இல்லை என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடந்து போகும். முன்கூட்டியே ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்புரதங்களை அணுக்களோடு கலந்துவைப்போம். காவல் புரதம் இருக்கும் அணு ஒளிரும், இல்லாதது ஒளிராது. லட்சக்கணக்கான அணுக்களைச் சில நிமிடத்தில் எண்ணிவிடலாம்.

டெஸ்ட் புக் செய்யும்போது லேபில் மூன்று கேள்வி கேளுங்கள். சிவப்பணுவோடு வெள்ளையணுவையும் பார்ப்பீர்களா? ஃப்ளேர் போடுவீர்களா? எவ்வளவு சிறிய அளவு வரை கண்டுபிடிப்பீர்கள்?

முதல் கேள்வி ஏன் என்றால், நங்கூரம் இல்லாத சிவப்பணு இரண்டு மூன்று வாரத்தில் உடைந்துவிடுகிறது. நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதற்கு மேல் வெளியிலிருந்து ஏற்றிய நல்ல அணுக்களும் கலந்துவிடுகின்றன. ஆக, சிவப்பணுவில் வரும் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். வெள்ளையணு அப்படி உடைவதில்லை. நியூட்ரோபில், மோனோசைட் என்ற இரண்டு வெள்ளையணு வகைகளிலும் வரும் எண்ணே நோயின் உண்மையான அளவு. சிவப்பணுவை மட்டும் பார்த்த ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

ஃப்ளேர் என்பது ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் நச்சுப் புரதத்திலிருந்து செய்த ஒளிரும் பொருள். அது நேராக ஜி.பி.ஐ நங்கூரத்தையே பற்றிக்கொள்ளும். நங்கூரம் இல்லாத வெள்ளையணுவில் அது ஒட்டாது. சிவப்பணுவுக்கு இது சரிவராது, அங்கே சி.டி.59 போதும். வெள்ளையணுவில் ஃப்ளேரோடு நியூட்ரோபிலுக்கு சி.டி.24, மோனோசைட்டுக்கு சி.டி.14, அல்லது இரண்டுக்கும் பொதுவாக சி.டி.157 சேர்ப்பார்கள். ஏன் இரண்டு அடையாளம்? ஏதோ ஒரு புரதம் மட்டும் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து காணாமல் போயிருந்தால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட அணு வகையில் அப்படி இருந்தால்தான் பி.என்.எச் என்று எழுதுவோம்.

மூன்றாவது கேள்வி அப்லாஸ்டிக் அனீமியா உள்ளவர்களுக்கு முக்கியம். வழக்கமான முறை 1% வரை பிடிக்கும். நுண்ணிய முறை 0.01% வரை போகும். அவர்களுக்குப் பின்னதுதான் வேண்டும்.

இதற்கு மஜ்ஜை தேவையில்லை. கையிலிருந்து எடுக்கும் ரத்தம் போதும். மஜ்ஜையில் வளர்ந்து முடியாத செல்கள் இந்தப் புரதங்களைக் கூடக் குறைய வைத்திருக்கும் என்பதால் அதில் செய்தால் குழப்பமே மிஞ்சும். பிக்-ஏ மரபணுவைப் படிக்கும் டெஸ்டும் நோயைக் கண்டறியத் தேவையில்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

ரத்தம் கொடுக்கும் நாள்

வெறும் வயிறு வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நரம்பும் எளிதாகக் கிடைக்கும். ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ குழாயில் எடுப்பார்கள். 3 முதல் 5 மில்லி போதும்.

அதிகம் பேர் தடுமாறுவது ரத்தம் ஏற்றும் விஷயத்தில்தான். "நேத்துதான் தம்பி ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. இப்ப எடுத்தா வீணாப் போயிடுமா?" என்று ஒரு அம்மா பையைத் திறந்து ரசீதைக் காட்டுவார். வீணாகாது. வெள்ளையணுவின் எண் மாறாது. நோய் இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். சிவப்பணுவின் எண்தான் குறைந்து காட்டும். ஆகவே முடிந்தால் ஏற்றுவதற்கு முன்பே ஒரு ஊதா மூடிக் குழாயில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றிவிட்டிருந்தால் தேதியையும் எத்தனை யூனிட் என்பதையும் ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவருக்கு டெஸ்டுக்காக ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஃபார்மில் இன்னும் சிலவும் இருக்க வேண்டும்: என்ன சந்தேகத்தில் டெஸ்ட் எழுதப்பட்டது, கடைசியாக எடுத்த ரத்த எண்ணிக்கை, ஏற்கெனவே அப்லாஸ்டிக் அனீமியா என்று சொல்லியிருக்கிறார்களா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா. வெள்ளையணு மிகக் குறைவாக உள்ளவரின் சாம்பிளில் எண்ணுவதற்குப் போதுமான செல்லே கிடைக்காது. முன்பே தெரிந்தால் லேபில் கூடுதல் ரத்தம் கேட்பார்கள்.

இனி கிழமை. சிவப்பணு குளிர்ந்த நிலையில் ஒரு வாரம்கூடத் தாங்கும். வெள்ளையணு தாங்காது. 24 மணி நேரத்துக்குள் மிஷினுக்குப் போனால் நல்லது. 48 மணி நேரம்தான் எல்லை. உங்கள் ஊர் கலெக்ஷன் சென்டரில் சனிக்கிழமை மாலை கொடுத்த ரத்தம், சென்னைக்கோ அதற்கு அப்பாலோ போய்ச் சேர்ந்து திங்கட்கிழமை மதியம் பிரிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திங்கள் முதல் புதன் வரை காலையில் கொடுப்பதே பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன் "இங்கேயே செய்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா? எந்த ஊருக்கு? எத்தனை மணிக்கு வண்டி? மிஷினில் என்றைக்குப் போடுவார்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் கொடுங்கள்.

கடலூர்க்காரர்கள் கவனிக்க: புதுச்சேரியில் ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் தமிழ்நாட்டில் இல்லாத விடுமுறைகள். ஆகஸ்ட் 15ஓடு சேர்ந்து இரண்டு நாள் தொடர்ச்சியாக மூடியிருக்கும் இடங்கள் உண்டு. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் அதன் விடுமுறைப் பட்டியல் தனி. பொங்கல், தீபாவளி வாரங்களில் கூரியரை நம்ப வேண்டாம்.

குழாயை நீங்களே எடுத்துப் போகும்படி ஆனால், பெயரும் எடுத்த நேரமும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு எடுத்துப் போகக் கூடாது. குளிர்ப்பையில், துணியில் சுற்றி வையுங்கள்; ஐஸ் கட்டி குழாயை நேராகத் தொடக் கூடாது. உறைந்த ரத்தம் எதற்கும் உதவாது.

எங்கே போவது? கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. முதல் சுற்று ரிப்போர்ட்களோடு ஓ.பி. சீட்டுப் போட்டு டாக்டரைப் பார்த்தால் அடுத்து எங்கே எதை எடுப்பது என்று எழுதித் தருவார். வேலூர் சி.எம்.சியின் ரத்தவியல் துறைக்கும் நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். தனியார் லேபில் எடுப்பதென்றால் விலை இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எப்போதும் பையில் வையுங்கள். தமிழ்நாட்டு அட்டையும் புதுச்சேரி அட்டையும் வேறு வேறு திட்டங்கள். எது செல்லும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் டெஸ்டுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாளில் தாங்க முடியாத தலைவலி, வயிறு வீங்கி வலி, ஒரு கால் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். "பி.என்.எச் சந்தேகத்தில் டெஸ்ட் கொடுத்திருக்கிறோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக்கட்டுதான்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

மூன்று பகுதி இருக்கும்: சிவப்பணு, நியூட்ரோபில், மோனோசைட். சிவப்பணுவில் மூன்று வகை எழுதுவார்கள். வகை 1 முழுக் காவலோடு உள்ள நல்ல அணு. வகை 2 அரைகுறைக் காவல். வகை 3 காவலே இல்லாதது. வகை 3 கூடக் கூட உடைவதும் கூடும்.

இப்படி ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம்: சிவப்பணு வகை 2 – 4%, வகை 3 – 11%; நியூட்ரோபில் 62%; மோனோசைட் 65%. பலர் 11ஐப் பார்த்து "கொஞ்சம்தான் இருக்கு" என்று ஆறுதலடைகிறார்கள். பார்க்க வேண்டியது 62ஐ. மஜ்ஜையிலிருந்து வரும் அணுக்களில் பாதிக்கு மேல் பழுதான செல்லின் வாரிசுகள். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டதால் எண் குறைந்திருக்கிறது. நியூட்ரோபிலில் 50%க்கு மேல் போனால் ரத்தக்கட்டு அபாயம் கூடுதல் என்பதால், டாக்டரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: சிவப்பணு 0.05%, நியூட்ரோபில் 0.3%, மோனோசைட் 0.4%, மூன்று வகை அணுக்களும் குறைவு, எல்.டி.எச் இயல்பு. இங்கே 'இருக்கிறது' என்று எழுதியிருந்தாலும் ரத்தம் உடையும் நோயாக அது இல்லை. அப்லாஸ்டிக் அனீமியா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுண்ணிய முறையில் தேடினால் இப்படிச் சிறிய அளவு தெரியும். கவனம் மஜ்ஜையின் மேல் போக வேண்டும். பொதுவாக 1%க்கு மேல் என்றால் 'பி.என்.எச் குளோன்' (பழுதான செல்லின் வாரிசுக் கூட்டம்), 0.1 முதல் 1% வரை சிறு கூட்டம், அதற்கும் கீழே என்றால் அபூர்வமான சில செல்கள் என்று பிரித்து எழுதச் சொல்வது சர்வதேச வழக்கம். 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு எண் இல்லாமல் ரிப்போர்ட் வந்தால் லேபைக் கூப்பிட்டு எண்ணைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரே ஒரு அணு வகையில் மட்டும் குறை, மற்றதில் இயல்பு என்று வந்தால் பெரும்பாலும் பழைய சாம்பிளோ வேறு காரணமோ. புது ரத்தத்தில் மறுபடி செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் இயல்பு என்றால் இப்போதைக்கு பி.என்.எச் இல்லை, ரத்தசோகைக்கான தேடலை டாக்டரோடு வேறு பக்கம் தொடருங்கள்.

மஜ்ஜை சோதனை

பாசிட்டிவ் வந்தவருக்கு இதையும் எழுதுவார்கள். மஜ்ஜை எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது, வேறு நோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பார்கள். இழுக்கும் அந்தச் சில நொடி வலிக்கும். அது முதுகுத்தண்டில் போடும் ஊசி அல்ல. கால் விளங்காமல் போகும் என்ற பேச்சில் உண்மை இல்லை.

அதற்குப் பிறகு

முதல் ஃப்ளோ ரிப்போர்ட் வந்து சுமார் ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு நிலையாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எடுப்பது வழக்கம். அப்லாஸ்டிக் அனீமியா உள்ளவருக்கு முதலில் 'இல்லை' என்று வந்திருந்தாலும் பின்னால் தோன்றலாம் என்பதால் அவரும் எடுக்க வேண்டும். முடிந்தவரை அதே லேபில் எடுங்கள். லேப் மாறினால் முறை மாறும், எண்ணை ஒப்பிட முடியாது. நடுவில் சிறுநீர் கறுத்தாலோ, எல்.டி.எச் திடீரென்று ஏறினாலோ, எங்காவது ரத்தம் கட்டினாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேட்க ஒன்று: காம்ப்ளிமென்டைத் தடுக்கும் மருந்துகள் 2007இலிருந்து உலகில் புழக்கத்தில் இருக்கின்றன, எகுலிசுமாப் அவற்றில் முதலாவது. விலை மிக அதிகம். அவற்றைத் தொடங்குவதற்கு முன் மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி போட வேண்டும். மஜ்ஜை மாற்று சிகிச்சை குணப்படுத்தக்கூடியது, ஆனால் எல்லோருக்கும் ஏற்றதல்ல. எது யாருக்கு என்பதை மேலே சொன்ன எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அதனால் ஒரு ஃபைல் போடுங்கள். தேதி வரிசையில் ஹீமோகுளோபின், எல்.டி.எச், நியூட்ரோபில் குளோன் சதவீதம், ரத்தம் ஏற்றிய நாட்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு கோடு போட்ட தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்திருங்கள். அவசரப் பிரிவில் இரவு டூட்டியில் இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயாளியை முதல்முறையாகப் பார்ப்பவராக இருக்கக்கூடும். அந்த ஒரு பக்கத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.